எண்பது வயதுக் கைக்கு ஒரு பல்

இம்பிளான்ட் பல் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் விலை கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்பார்கள்: "எத்தனை வருஷம் வரும் டாக்டர்?"

மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிளினிக்கில் ஈறு மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கொரு பழக்கம் வந்துவிட்டது. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் வந்தவரின் கையைப் பார்ப்பேன். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்குகிறதா, விரல் மூட்டு வீங்கியிருக்கிறதா, கைப்பையின் ஜிப்பைச் சட்டென்று திறக்க வருகிறதா என்று கவனிப்பேன். இம்பிளான்ட் எத்தனை வருஷம் வரும் என்பதில் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

உலோகத்தைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. அதன் உழைப்புக்குச் சாட்சி இருக்கிறது. சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், 1952இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் செய்த சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் கோளாறு உள்ளவர் லார்சன். அவர் 2006இல் இறக்கும்வரை அந்த வேர்கள் அசையாமல் வேலை செய்தன. நாற்பது வருஷம் உலோகம் தாங்கும் என்று 2006இலேயே தெரிந்துவிட்டது. அதைச் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் தாங்குமா என்பதுதான் என் தொழில்.

இம்பிளான்ட் போட்டவர்களில் பலர் ஒரு நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள்: "இனி சொத்தை வராது." உண்மைதான், உலோகத்தில் சொத்தை வராது. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் நம் ஊரில் பல் போவதற்குச் சொத்தை மட்டுமே காரணம் இல்லை. ஈறு நோயில் எலும்பு கரைந்து, பல் ஆடி விழுந்து இம்பிளான்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். எந்தக் கிருமிப் படலம் சொந்தப் பல்லை ஆட்டிவைத்ததோ அதே படலம் புதுப் பல்லின் கழுத்திலும் வந்து உட்காரும். அங்கே அதற்கு வேலை இன்னும் சுலபம்.

இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்களில் ஊஞ்சல் பலகை மாதிரித் தொங்குகிறது. கடித்தால் துளி அசைகிறது. அந்த நார்களில் உள்ள நரம்பு, சோற்றில் கிடக்கும் சின்னக் கல்லையும் காட்டிக்கொடுக்கிறது. அந்த நார்களுக்கு மேலே, ஈறையும் வேரையும் சேர்த்துத் தைத்தாற்போல் குறுக்காக ஓடும் இழைகள் கிருமிக்குத் தடுப்பாக நிற்கின்றன. இம்பிளான்டைச் சுற்றி இரண்டுமே கிடையாது. அது எலும்போடு நேராக இறுகிவிடுகிறது. ஈறின் இழைகள் உலோகத்துக்குள் ஊன்ற முடியாமல் அதை ஒட்டினாற்போல் ஓடுகின்றன. ரத்தக் குழாய்களும் குறைவு. ஆகவே கிருமி உள்ளே இறங்கினால் தடுக்க ஆள் குறைவு. இறங்குவது தெரியவும் தெரியாது.

"வலியே இல்லையே டாக்டர், எதுக்கு வரணும்?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: வலி வந்தபிறகு வந்தால், பேசுவதற்கு எலும்பு மிச்சம் இருக்காது.

ஒரு சோதனை வருகையில் என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் சாயம். பருத்திப் பஞ்சில் தொட்டுத் தடவினால் பல்லில் படலம் ஒட்டியிருக்கும் இடமெல்லாம் ரோஜா நிறத்தில் தெரியும். கண்ணாடியைக் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்வேன். முன்புறம் பளிச்சென்று இருக்கும். நாக்கைப் பார்த்த பக்கமும், இரண்டு பற்கள் சேரும் இடத்துக் கீழ்ப்பக்கமும் சிவந்திருக்கும். அடுத்து மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் இம்பிளான்டுக்கும் நடுவில் இறக்குவேன். அழுத்தம் இருபத்தைந்து கிராம் எடைக்கு மேல் போகக்கூடாது. ஒரு இம்பிளான்டைச் சுற்றி ஆறு இடத்தில் இறக்கி எடுத்துவிட்டுச் சற்றுக் காத்திருப்பேன். ஆரோக்கியமான ஈறு அப்படியே இருக்கும். அழற்சி உள்ள ஈறின் ஓரத்தில் ரத்தம் கோடு போட்டு எழும்பும். பிறகு விரலால் ஈறை வெளியிலிருந்து அழுத்துவேன். சீழ் இருந்தால் அப்போது எட்டிப் பார்க்கும்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே. அதில் இம்பிளான்டின் திருகு மரைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். இம்பிளான்டின் மேல் கேப் போட்ட அன்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து எத்தனை மரை எலும்புக்கு வெளியே வந்திருக்கிறது என்று எண்ணுவேன். முதல் வருஷத்தில் எலும்பு கொஞ்சம் இறங்கி நிலைகொள்வது இயல்பு. அதன்பின் வருஷத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 1986இல் ஆய்வாளர்கள் வகுத்த அளவு. இன்றைக்கும் நல்ல வழிகாட்டிதான். ஆனால் முதல் நாள் படம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. அந்தப் படம் இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

நோய்க்கு இரண்டு படிகள். முதல் படியில் ஈறு மட்டும் சிவந்து ரத்தம் வடியும். எலும்பு பத்திரமாக இருக்கும். சுத்தம் செய்தால் திரும்பிவிடும். இரண்டாவது படியில் எலும்பு கரையத் தொடங்கும். போன எலும்பு திரும்புவது அபூர்வம். ஈறைத் திறந்து, மரைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சில இடங்களில் எலும்புத் தூள் வைக்கலாம். பெரும்பாலும் அந்தச் சிகிச்சையின் வெற்றி என்பது கரைவதை அங்கேயே நிறுத்துவதுதான். 2017இல் சிகாகோவில் உலகத்து ஈறு மருத்துவர்கள் கூடி இந்த நோய்களுக்கு வரையறை எழுதினார்கள். இரண்டாம் படிக்கு யார் போவார்கள் என்பதற்கு அவர்கள் காட்டிய உறுதியான காரணங்கள் மூன்று: ஏற்கெனவே கடுமையான ஈறு நோய் இருந்தவர்கள், சுத்தம் போதாதவர்கள், ஒழுங்காகச் சோதனைக்கு வராதவர்கள்.

மூன்றாவது காரணத்துக்குப் பிரேசிலிலிருந்து ஒரு நல்ல சான்று உண்டு. முதல் படி நோய் இருந்தவர்களை அங்கே ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். இடையில் ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எலும்பு கரைந்திருந்தது. வராதவர்களில் அது 43.9 சதவீதம். இந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 2016இல் வெளியான சுவீடன் ஆய்வோ, ஒன்பது வருஷம் ஆனவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. மிதமானதும் கடுமையானதும் 14.5 சதவீதம். பல் வைத்தியம் அவ்வளவு ஒழுங்காக நடக்கும் நாட்டிலேயே இப்படி.

நம் ஊரில் இதற்குமேல் சில விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது சர்க்கரை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் ஐ.சி.எம்.ஆரின் பெரிய கணக்கெடுப்பு சொன்னது. என் காத்திருப்பு அறை நாற்காலிகளைப் பார்த்தாலே அதை நம்பலாம். இம்பிளான்ட் போடும் மாதத்தில் மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவந்து காட்டுவார்கள்; பிறகு தீபாவளி, கல்யாண சீசன், கிருத்திகைப் பாயசம் என்று அது ஏறிக்கொண்டே போகும். ஆபரேஷன் அன்றைக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதைவிட அடுத்த பத்து வருஷம் எவ்வளவு என்பதுதான் ஈறுக்கு முக்கியம்.

இரண்டாவது வெற்றிலையும் புகையிலையும். தி. நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், கல்லாவில் உட்கார்ந்தபடியே நாள் முழுக்கச் சீவலும் புகையிலையும் அடக்கிக்கொள்வார். "சிகரெட்டைத் தொட மாட்டேன் சார்" என்பது அவருடைய பெருமை. புகையிலை எந்த வழியாக வந்தாலும் புகையிலைதான். அடக்கிவைக்கும் பக்கத்து ஈறு வெளுத்துத் தடித்துப் போகிறது. சுண்ணாம்பும் பாக்குத் தூளும் கேப்பின் கழுத்தில் இறுகுகின்றன. அவருக்கு அந்தப் பக்கத்தில் இம்பிளான்ட் வேண்டாம் என்றேன். வருத்தப்பட்டார், வேறிடம் போகவில்லை.

மூன்றாவது, வைத்தியர்களாகிய நாங்கள் வைத்துவிட்டுப் போவது. கேப்பை ஒட்டும் சிமென்டில் ஒரு துளி ஈறுக்கடியில் வழிந்து தங்கிவிட்டால், வருஷக்கணக்கில் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு வளரும். அதனால்தான் கூடியவரை திருகாணியால் முடுக்கும் கேப்பையே பலரும் இப்போது விரும்புகிறோம். மேலே சின்னத் துவாரம். அதன்மேல் பல் நிறத்தில் ஒரு பொட்டு. தேவைப்பட்டால் பொட்டை எடுத்து, உள்ளே அடைத்திருக்கும் டெஃப்லான் நாடாவை உருவி, கேப்பைக் கழற்றி, கழுவி, அளவான முறுக்கு விசையில் திரும்ப மாட்டலாம்.

"எல்லாம் இந்த உப்புத் தண்ணியாலதான்" என்று பல்லில் இறுகும் காறைக்குக் காரணம் சொல்பவர்களும் உண்டு. லாரித் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் வளர்ந்த ஊர் அல்லவா! வாளியில் உப்பு படிகிறது, குழாயில் படிகிறது, பல்லிலும் படியத்தானே செய்யும் என்பது அவர்கள் கட்சி. காறையில் இறுகும் சுண்ணச் சத்து நம் உமிழ்நீரிலிருந்தே வருகிறது. கேன் தண்ணீரில் கொப்பளித்தாலும் அது வரும். காலையில் நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் எண்ணெய் எவ்வளவு நேரம் வாயில் சுழன்றாலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒட்டிய படலத்தை அது உரித்தெடுக்காது. அங்கே ஏதாவதொன்று உரச வேண்டும்.

அந்த உரசலைக் கற்றுக்கொடுப்பதுதான் என் நாளின் பெரும் பகுதி. மயிலாப்பூர் மருந்துக்கடைகளில் இப்போதெல்லாம் பல்லிடுக்கு பிரஷ் நிறம் நிறமாகத் தொங்குகிறது. இருப்பதிலேயே மெல்லியதை வாங்கிக்கொண்டு போய், "எங்கேயும் ஒட்டவே இல்லை" என்பார்கள். சந்தில் நுழையும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும். அதுதான் சரியான அளவு. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படலாம். நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்க வேண்டும். வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். கீறிய இடத்தில் படலம் சீக்கிரம் ஒட்டும். கரகரப்பான பல்பொடியையும் இதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன். முதல் சில நாள் ரத்தம் வரும். "ரத்தம் வந்துது, அதனால நிறுத்திட்டேன்" என்று வந்து நிற்பார்கள். ரத்தம் வருகிற இடம்தான் பிரஷ் வேண்டும் என்று கேட்கிற இடம்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய பற்களுக்கு அடியில் ஒரு தடித்த நூலைக் கோத்து இழுக்க வேண்டும். நூலின் ஒரு முனை விறைப்பாக இருக்கும், நடுப்பகுதி பஞ்சு போட்டுப் பருத்திருக்கும். விறைத்த முனையைச் சந்தில் விட்டு, மறுபக்கம் பிடித்து, பஞ்சுப் பகுதி இம்பிளான்டைச் சுற்றி வரும்படி முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வடக்கு மாட வீதிப் பக்கம் குடியிருக்கும் ஒரு மாமி முதல் முறையிலேயே கண்ணாடி பார்க்காமல் செய்து காட்டினார். தினமும் கற்பகாம்பாளுக்கு மல்லிகை தொடுக்கிற விரல்கள். "இது என்ன பிரமாதம், நாரே இல்லாம வாழைப்பட்டையிலே தொடுத்திருக்கேன்" என்றார். எழுபது தாண்டிய அந்த மாமியின் இம்பிளான்டுகளைச் சுற்றி ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இறுக்கமாக நிற்கிறது.

கடியையும் பார்க்க வேண்டும். இம்பிளான்டுக்கு ஊஞ்சல் நார் இல்லை என்றேனே, அதனால் அது சொந்தப் பல்லைப் போல அழுத்தத்துக்கு இறங்கிக் கொடுக்காது. சுற்றியுள்ள பற்கள் காலப்போக்கில் தேய்ந்தும் நகர்ந்தும் போக, இம்பிளான்ட் மட்டும் அதே உயரத்தில் நின்று கடி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் சீடையால் கேப் உடைந்து வருகிறவர்கள் எங்கள் தொழிலில் வருஷாந்திர வரவு. நீலத்தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னால் எங்கே அழுத்தம் கூடியிருக்கிறது என்று புள்ளி விழும். அந்தப் புள்ளியை இழைத்துவிடுவது ஐந்து நிமிஷ வேலை. திருகாணி தளர்ந்திருந்தால் பல் லேசாக ஆடும். உடனே வந்தால் முடுக்கிவிடலாம். "ஆடினா ஆடட்டும்" என்று விட்டால் திருகாணி உள்ளேயே முறிந்துவிடும்.

மார்கழியில் என் கிளினிக்கின் முகமே மாறிவிடும். மியூசிக் அகாடமி கச்சேரிக்கும் பல் வைத்தியத்துக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் ஏராளம். அங்கே ஆகும் செலவில் ஒரு பங்குதான் இங்கே. சிங்கப்பூரில் போட்டது ஒருவர் வாயில், நியூ ஜெர்சியில் போட்டது இன்னொருவர் வாயில், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மாம்பலத்தில் போட்டது மற்றொருவர் வாயில். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்டால் விழிப்பார்கள். ஒவ்வொரு கம்பெனி திருகாணிக்கும் வேறு வேறு சாவி. அலமாரியில் அந்தச் சாவிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அப்படியும் சில வாய்களுக்கு எதுவும் பொருந்துவதில்லை. எக்ஸ்ரேயில் மரையின் வடிவத்தைப் பார்த்து, தெரிந்த நண்பர்களுக்கு அனுப்பி, ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் அவர்கள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும்.

இதையெல்லாம்விட என்னை அதிகமாக யோசிக்கவைப்பது அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்து முதியவர்களின் வீடுகள். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இம்பிளான்டை எப்படிப் பதிப்பது என்று பாடம் நடந்தது. பதித்துக்கொண்டவர் முதுமை அடைவார் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பின்னும் ஐம்பத்தெட்டு, அறுபது வயதில், ரிடையர்மென்ட் பணத்தில் வாய் முழுவதும் இம்பிளான்ட் போட்டுக்கொண்டவர்களுக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. பல் அப்படியே இருக்கிறது. கை மாறிவிட்டது.

காந்தி நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி; பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஏஜென்சி அனுப்பிய அட்டெண்டர் பெண் பார்த்துக்கொள்கிறாள். கீழ்த்தாடையில் இம்பிளான்ட் மேல் திருகி வைத்த முழு வரிசைப் பல். அந்தப் பெண் வாசலிலேயே புகார் சொன்னாள்: "தாத்தாவோட பல் செட் கழலவே மாட்டேங்குது சார். ராத்திரி எடுத்துத் தண்ணியிலே போடணும்னு ஏஜென்சியிலே சொன்னாங்க. எவ்ளோ இழுத்தும் வரலே." அவர் பேச முடியாமல் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். அவள்மேல் தப்பே இல்லை. அது கழலாத பல் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை; அதற்கடியில் சுத்தம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரியாது.

அவரைச் சாய்த்து உட்காரவைத்து, டார்ச்சை அவள் கையில் கொடுத்தேன். பற்களுக்கும் ஈறுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டி, "இங்கே பாரும்மா, இந்தச் சந்திலே பிரஷ் உள்ளே போய் வெளியே வரணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். தேங்கியிருந்த சோறு வந்ததும் அவளே முகம் சுளித்தாள்; அடுத்த சந்துக்கு நான் சொல்லாமலே போனாள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வாய்ச் சுத்தம் பல்லோடு நிற்பதில்லை. ஜப்பானின் முதியோர் இல்லங்களில் ஒழுங்காக வாய் துடைத்துவிட்டதில் நிமோனியா குறைந்ததை 1999இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அந்த நிலையான வரிசையைக் கழற்றிவிட்டு, அதே வேர்களில் இரண்டின் மேல் பொத்தான் வைத்து, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பல் செட்டாக மாற்றினோம். மற்ற வேர்களை ஈறுக்கடியில் மூடிவிட்டோம். இப்போது அது நிஜமாகவே கழலும். அவள் ராத்திரி எடுத்துக் கழுவுகிறாள். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளான்டும் அதன்மேல் கழற்றி மாட்டும் செட்டும்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். அப்போது அது ஏழைகளுக்கான சமரசம் என்று பலர் நினைத்தார்கள். வயதானவர்களின் வீடுகளைப் பார்த்தபிறகு அதில் இருக்கும் தொலைநோக்கு எனக்குப் புரிகிறது.

ஆகவே இப்போது புதிதாக வருகிறவர்களிடம் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே சிலவற்றைப் பேசிவிடுகிறேன். எலும்பு வலுவுக்கு வாராந்திர மாத்திரையோ வருஷாந்திர ஊசியோ போட்டுக்கொள்கிறீர்களா? அதைச் சொல்லாமல் தாடையில் கை வைக்கக்கூடாது. சொந்தப் பற்களில் ஈறு நோய் இருந்தால் அது அடங்கியபிறகுதான் இம்பிளான்ட். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வர முடியுமா? அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இதன் விலை. முடியாவிட்டால் சாதாரணக் கட்டுப்பல்லோ செட்டோ போதும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கேப் கட்டும் லேபுக்கு எழுதும்போது, அழகுக்காக ஈறை மூடிக்கொண்டு இறங்காமல் பிரஷ் நுழைய இடம் விடச் சொல்கிறேன். அந்தச் சந்தில் முருங்கைக்காய் நார் சிக்குகிறது என்று குறைப்படுகிறவர்களிடம், சிக்கட்டும், எடுக்க வழி இருக்கிறதே என்கிறேன்.

இம்பிளான்ட் ஏற்கெனவே போட்டவர்களுக்கு ஒரே ஒரு வேலை. போட்ட இடத்தில் கேட்டு, கம்பெனி பெயர், மாடல், அளவு, போட்ட தேதி எல்லாம் எழுதிய அட்டையையும் கேப் போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மருந்துச் சீட்டு வைக்கும் ஃபைலில் அவற்றைச் சேர்த்து, மேலே பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "கழலாத பல். அடியில் பிரஷ் போட வேண்டும்." அதைப் போட்டோ எடுத்து, எந்த ஊரில் இருந்தாலும் சரி, பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இன்றைக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.